உள்ளங்கை அட்டைக்கு 100 கோடி ரூபாய்!



உங்கள் வகுப்பில் தபால்தலை சேர்ப்பவர்கள் ஓரிருவராவது இருப்பார்கள். பழைய நாணயம், தீப்பெட்டிப் படம், சிப்பி என்று சேர்ப்பவர்களும் இருப்பார்கள். அமெரிக்காவில் சிறுவர்களும் பெரியவர்களும் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்துவரும் ஒரு பொருள் உண்டு. அதுதான் விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட சிறிய அட்டை!

2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அப்படிப்பட்ட ஓர் அட்டை ஏலத்துக்கு வந்தது. அது 1952-இல் அச்சிடப்பட்டது. மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் படம் அதில் இருந்தது. பேஸ்பால் என்பது நம் கிரிக்கெட்டைப் போல மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் அமெரிக்க ஆட்டம். அந்த அட்டை எவ்வளவுக்கு விலை போனது தெரியுமா? 1 கோடியே 26 லட்சம் டாலர்! அப்போதைய மதிப்பில் சுமார் 100 கோடி ரூபாய். அதுவரை எந்த விளையாட்டு அட்டையும் அவ்வளவு விலைக்குப் போனதில்லை.

உள்ளங்கையில் அடங்கும் ஒரு காகித அட்டைக்கு ஏன் இந்த விலை? வாருங்கள், அந்தக் கதையைப் பார்ப்போம். அதில் அதிசயமும் உண்டு, தந்திரமும் உண்டு, மோசடியும் உண்டு. ஒரு நல்ல மனிதரும் உண்டு.

சிகரெட் பெட்டியில் பிறந்த அட்டை

சுமார் 140 ஆண்டுகளுக்கு முன்பு சிகரெட்டுகளை மெல்லிய காகித உறையில் போட்டு விற்றார்கள். உறை எளிதில் கசங்கிவிடும். உள்ளே இருப்பது நசுங்கிவிடும். அதைத் தடுக்க ஒரு சிறு அட்டையை உள்ளே செருகினார்கள். 'வெற்று அட்டையை வைப்பதற்குப் பதில் அதில் ஒரு படம் அச்சிட்டால் என்ன?' என்று கம்பெனிகள் யோசித்தன. நாடக நடிகைகள், பறவைகள், கொடிகள், விளையாட்டு வீரர்கள் என்று விதவிதமான படங்கள் வந்தன. 

1880-களில் நியூயார்க்கில் இருந்த ஒரு சிகரெட் கம்பெனி பேஸ்பால் வீரர்களின் புகைப்படங்களை அட்டையில் ஒட்டிக் கொடுத்தது. அந்தக் காலத்துக் கேமராவால் வேகமாக ஓடும் பந்தைப் படம் பிடிக்க முடியாது. அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? வீரரை ஸ்டூடியோவுக்குள் நிறுத்தி, பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். வீரர் அதைப் பிடிப்பது போலவும் அடிப்பது போலவும் அசையாமல் நின்றார். சில அட்டைகளில் அந்த நூல்கூடத் தெரியும்!

இங்கிலாந்திலும் இதே வழக்கம் பரவியது. அங்கே பேஸ்பாலுக்குப் பதில் கிரிக்கெட்டும் கால்பந்தும். வில்ஸ் என்ற கம்பெனி 1896-இல் 50 கிரிக்கெட் வீரர்களின் அட்டைத் தொகுப்பை வெளியிட்டது. நம் நாட்டில் ரஞ்சிக் கோப்பைப் போட்டி நடக்கிறதே, அந்த ரஞ்சித்சிங்ஜியின் படமும் இங்கிலாந்துச் சிகரெட் அட்டைகளில் வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் காகிதத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1940-இல் அங்கே இந்த அட்டைகள் நின்றுபோயின.

குழந்தைகளே, ஒன்றைக் கவனியுங்கள். சிகரெட் உடம்பைக் கெடுக்கும் நஞ்சு. அட்டைக்கு ஆசைப்பட்ட பிள்ளைகள் கடை வாசலில் நின்று, சிகரெட் வாங்கிச் செல்லும் பெரியவர்களிடம் "படம் இருந்தால் கொடுங்கள்" என்று கேட்டார்கள். அழகான படம் ஒரு கெட்ட பொருளை விற்க உதவியது. இது எல்லாருக்கும் பிடித்துவிடவில்லை.

'என் படம் வேண்டாம்!'

ஹோனஸ் வாக்னர் என்று ஒரு வீரர் இருந்தார். 1874-இல் பிறந்தவர். ஏழைக் குடும்பம். சிறு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். பிறகு பிட்ஸ்பர்க் நகர அணியின் பெரும் நட்சத்திரமானார். மட்டை வீச்சில் லீக்கின் முதலிடத்தை எட்டு முறை பிடித்தார். 1936-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவரில் அவரும் ஒருவர்.

1909 முதல் 1911 வரை அமெரிக்கப் புகையிலைக் கம்பெனி ஒன்று 500-க்கும் மேற்பட்ட வகை பேஸ்பால் அட்டைகளை வெளியிட்டது. அகலம் மூன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். உயரம் ஆறரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான்! அதில் வாக்னரின் படமும் வந்தது. ஆனால் அவர், "என் படத்தைப் போட வேண்டாம்" என்று தடுத்துவிட்டார். அச்சு நின்றது. அதற்குள் வெளியே போனவை சில மட்டுமே.

அவர் ஏன் தடுத்தார்? பிள்ளைகள் தம் படத்துக்காகச் சிகரெட் வாங்கக் கூடாது என்பதால்தான் என்று பலர் சொல்கிறார்கள். படத்துக்குப் பணம் தராததால்தான் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். வாக்னரே புகையிலை மெல்லும் பழக்கம் உடையவர் என்பதால் இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. காரணம் எதுவாயினும், அந்த அட்டை மிக அரிதாகிவிட்டது. உலகில் இன்று இருப்பவை ஏறக்குறைய 60 என்று கணக்கிடுகிறார்கள். 2022-இல் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்றது. அது மூலைகள் தேய்ந்த பழைய அட்டைதான்!

106-ஆம் எண் எங்கே?

1930-களில் சிகரெட்டின் இடத்தைப் பபிள்கம் பிடித்தது. இப்போது அட்டைகள் நேராகவே பிள்ளைகளின் கைக்கு வந்தன. 1933-இல் கவுடி என்ற பபிள்கம் கம்பெனி 240 எண்கள் கொண்ட பேஸ்பால் அட்டைத் தொகுப்பை வெளியிட்டது. புகழ்பெற்ற பேப் ரூத்துக்கு மட்டும் அதில் நான்கு அட்டைகள்.

பிள்ளைகள் ஆர்வமாகச் சேர்த்தார்கள். 104 கிடைத்தது. 105 கிடைத்தது. 107-உம் கிடைத்தது. 106 மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை! 'அடுத்த பாக்கெட்டில் இருக்கும்' என்று காசைச் சேர்த்து மீண்டும் மீண்டும் வாங்கினார்கள். உண்மையில் அந்த ஆண்டு கம்பெனி 106-ஆம் அட்டையை அச்சிடவே இல்லை. எண்ணைக் காலியாக விட்டால் பிள்ளைகள் தேடித் தேடி வாங்குவார்கள் அல்லவா?

சேகரிப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். 1934-இல் நெப்போலியன் லாஜவே என்ற முன்னாள் வீரரின் படத்துடன் 106-ஆம் அட்டையை அச்சிட்டு, கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பியது கம்பெனி. கேட்டவர்கள் கொஞ்சம் பேர். அதனால் அது இன்று மிக அரிய அட்டைகளில் ஒன்று. ஏமாற்றம் என்று தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு இராமல் மரியாதையாகக் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கடலில் கொட்டிய பொக்கிஷம்

இனி மிக்கி மேன்டில் கதைக்கு வருவோம். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனி இருந்தது. அங்கே வேலை பார்த்த சை பெர்கர் என்பவரும் அவருடைய நண்பரும் 1951-இல் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து புது அட்டைகளை வடிவமைத்தார்கள். அட்டை பெரிதாயிற்று. முன்பக்கம் வண்ணப்படம், அணியின் சின்னம். பின்பக்கம் வீரரின் பிறந்த நாள், உயரம், எடை, ஆட்டக் கணக்குகள்.

அந்தப் பின்பக்கம் ஒரு கணக்குப் பாடம்! ஒரு வீரர் 500 முறை மட்டை பிடித்து 150 முறை வெற்றிகரமாக அடித்தால் அவருடைய சராசரி என்ன? 150-ஐ 500-ஆல் வகுத்தால் 0.300. பேஸ்பாலில் இது மிக நல்ல சராசரி. தசமப் புள்ளிக் கணக்கை இந்த அட்டைகளைப் பார்த்துப் பார்த்தே பழகிய பிள்ளைகள் ஏராளம்.

1952-ஆம் ஆண்டுத் தொகுப்பில் மொத்தம் 407 அட்டைகள். கடைசித் தொடர் 311-ஆம் எண்ணில் தொடங்கியது. அந்த 311-ஆம் அட்டைதான் மிக்கி மேன்டில். அந்தத் தொடர் தாமதமாகக் கடைக்கு வந்தது. அதற்குள் விளையாட்டுப் பருவம் முடியப்போகிறது. பிள்ளைகளின் கவனம் வேறு ஆட்டத்துக்குப் போய்விட்டது. பெட்டி பெட்டியாக அட்டைகள் விற்காமல் தேங்கின. 

ஆண்டுகள் ஓடின. கிடங்கில் இடம் இல்லை. இலவசம் போன்ற விலைக்குக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. கடைசியில் 1960-இல் நூற்றுக்கணக்கான பெட்டிகளைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டதாகப் பெர்கரே பிற்காலத்தில் சொன்னார். இன்று கோடிகள் பெறும் அட்டைகள் மீன்களுக்குப் போயின!

தப்பிய பெட்டி ஒன்று 1986-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு வியாபாரிக்குக் கிடைத்தது. அதில் 5,000-க்கும் அதிகமான 1952-ஆம் ஆண்டு அட்டைகள் நேற்று அச்சிட்டவை போலப் புத்தம் புதிதாக இருந்தன. 100 கோடி ரூபாய்க்கு விற்ற மேன்டில் அட்டை அதிலிருந்து வந்ததுதான். 1991-இல் அதை ஒருவர் 50 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். 31 ஆண்டுகள் கழித்து அது 250 மடங்குக்கும் மேல் விலை போயிற்று.

விலை எப்படி ஏறுகிறது?

"அப்படியானால் நானும் இன்று நூறு அட்டை வாங்கி ஒளித்து வைக்கிறேன். பெரியவன் ஆனதும் கோடீஸ்வரன்!" என்று உங்களில் யாரோ நினைப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள்!

அமெரிக்கப் பிள்ளைகள் அட்டைகளைப் பத்திரமாக வைக்கவில்லை. சுவரில் வீசி விளையாடினார்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார்கள். சைக்கிள் சக்கரத்துக் கம்பியில் செருகி 'டர்ர்ர்' என்று சத்தம் வரச் செய்தார்கள். போர்க்காலத்தில் பழைய காகிதம் திரட்டியபோது ஏராளமானவை அரைத்துக் கூழாயின. வீட்டைச் சுத்தம் செய்த அம்மாக்கள் குப்பையில் போட்டவை கணக்கில்லை. இப்படி அழிந்தது போக மிஞ்சியவைதான் விலை உயர்ந்தன.

இந்தச் செய்தி பரவியதும் 1980-களின் பிற்பகுதியில் என்ன நடந்தது தெரியுமா? எல்லாரும் அட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டினார்கள். கம்பெனிகளும் கணக்கில்லாமல் அச்சிட்டுத் தள்ளின. யாரும் தொலைக்கவில்லை, யாரும் கிழிக்கவில்லை. அதனால் அவை அரிதாகவும் இல்லை. அந்த ஆண்டுகளின் பெரும்பாலான அட்டைகளை இன்று யாரும் விலை கொடுத்து வாங்க முன்வருவதில்லை. 'எல்லாரிடமும் இருக்கும் பொருளுக்கு விலை இல்லை' என்பது சந்தையின் பாலபாடம்.

அரிதாக இருந்தால் மட்டும் போதாது. பலர் விரும்பும் வீரராகவும் இருக்க வேண்டும். அட்டையின் நிலையும் நன்றாக இருக்க வேண்டும். நான்கு மூலைகளும் கூராக உள்ளனவா, ஓரம் நேராக உள்ளதா, படம் நடுவில் உள்ளதா, கீறல் உண்டா என்று நிபுணர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுகிறார்கள். ஆம், உங்கள் பரீட்சைத் தாளைப் போலவேதான்! பிறகு அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் மூடி முத்திரையிடுவார்கள்.

ஓரத்தை வெட்டியவர்

மதிப்பெண் என்று வந்தாலே குறுக்குவழி தேடுபவர்களும் வந்துவிடுவார்கள்.

வாக்னர் அட்டைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிக அழகாக, கூரான மூலைகளுடன் இருந்தது. பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி அதை 1985-இல் 25 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். 1991-இல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் அதை 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு ஏலம் எடுத்தார்கள். அதற்கு 10-க்கு 8 மதிப்பெண் கிடைத்தது. 2007-இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 

'80 ஆண்டுகள் ஆன அட்டைக்கு ஓரம் இவ்வளவு நேராக இருக்குமா?' என்று சிலர் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். 2013-இல் உண்மை வெளிவந்தது. ஏலங்களில் போலியாக விலையை ஏற்றிய மோசடி வழக்கில் மாட்டிக்கொண்ட மாஸ்ட்ரோ, இந்த அட்டையின் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதையும் ஒப்புக்கொண்டார்! 2015-இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

பாருங்கள், தேய்ந்த மூலையில் ஒரு வெட்கமும் இல்லை. அது நூறு ஆண்டு வாழ்ந்ததற்கு அடையாளம். அதை மறைக்க வெட்டியதுதான் தவறு.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். புகழ்பெற்றவர்களின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு விற்ற கூட்டங்களை 1990-களில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை பிடித்தது. அங்கே கிடைத்த பேஸ்பால் பந்துகளில் அன்னை தெரசாவின் 'கையெழுத்தும்' இருந்தது! கொல்கத்தாவில் ஏழைகளுக்குத் தொண்டு செய்த அன்னை, பேஸ்பால் பந்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டா இருந்திருப்பார்? ஒரு நொடி யோசித்தால் போதும், ஏமாற மாட்டோம்.

தொப்பியும் சட்டையும்

அட்டை மட்டும்தானா? வீரர்கள் பயன்படுத்திய மட்டை, பந்து, சட்டை, தொப்பி, பழைய டிக்கெட்டுகள் எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள். பேப் ரூத் 1932-ஆம் ஆண்டு இறுதிப் போட்டித் தொடரில் அணிந்த சட்டை 2024-இல் 2 கோடியே 41 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது அந்தச் சட்டைதான் என்று எப்படித் தெரியும்? அன்று எடுத்த புகைப்படங்களைப் பெரிதாக்கி, எழுத்து தைத்த இடம், துணியின் அமைப்பு, தையலின் கோணம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். துப்பறியும் கதை போல இருக்கிறது அல்லவா?

ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீரர் ஷேன் வார்னேவை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2019-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2020-இன் தொடக்கத்திலும் ஆஸ்திரேலியாவில் பயங்கரக் காட்டுத்தீ பரவியது. வார்னே, டெஸ்ட் போட்டிகளில் தாம் அணிந்த பச்சைத் தொப்பியை ஏலத்துக்குக் கொடுத்தார். 10 லட்சத்து 7 ஆயிரத்து 500 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. சுமார் 5 கோடி ரூபாய்! அத்தனையும் தீயால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு தொப்பிக்கு இதைவிடப் பெருமை உண்டா?

ஒன்றையும் விற்காதவர்

கோடிகளைப் பற்றியே பேசிவிட்டோம். இனி, அட்டை உலகின் தந்தை என்று போற்றப்படுபவரைப் பார்ப்போம். அவர் பெயர் ஜெபர்சன் பர்டிக். பணக்காரர் அல்லர். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில், மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் பாகங்களைப் பொருத்தும் தொழிலாளி. திருமணம் செய்துகொள்ளவில்லை. மூட்டுவாத நோயால் விரல்கள் வீங்கி மடங்கிப்போனவர்.

அவர் காலத்தில் பெரியவர்கள் இந்த அட்டைகளைக் குப்பை என்றே நினைத்தார்கள். பர்டிக் அப்படி நினைக்கவில்லை. 'சாதாரண மக்கள் எதை ரசித்தார்கள் என்பதும் வரலாறுதானே!' என்பது அவர் எண்ணம். பேஸ்பால் அட்டைகள் மட்டுமல்ல, விளம்பர அட்டை, வாழ்த்து அட்டை, அஞ்சல் அட்டை என்று 3 லட்சத்துக்கும் அதிகமானவற்றைச் சேர்த்தார். நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் கொடுப்பது போல ஒவ்வொரு வகைக்கும் எழுத்தும் எண்ணும் கொடுத்துப் பட்டியல் வெளியிட்டார். வாக்னர் அட்டை இருக்கும் தொகுப்பை இன்றும் 'டி206' என்றே உலகம் அழைக்கிறது. அது பர்டிக் வைத்த பெயர்தான்.

அத்தனையையும் அவர் விற்கவில்லை. நியூயார்க்கில் உள்ள மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடையாகக் கொடுத்தார். அத்துடன் விடவில்லை. அருங்காட்சியகத்தில் ஒரு மேஜை போட்டுக்கொண்டு, வலிக்கும் விரல்களால் ஒவ்வோர் அட்டையாக ஆல்பத்தில் ஒட்டி ஒழுங்கு செய்தார். இந்தப் பணி ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1963-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி கடைசி அட்டையை ஒட்டி முடித்தார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். இரண்டு மாதங்களில் காலமானார்.

அவர் கொடுத்த வாக்னர் அட்டை இன்றும் அந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு விலை கிடையாது. ஏனென்றால் அது விற்பனைக்கு இல்லை. அது எல்லாருக்கும் சொந்தம்!

நீங்களும் சேர்க்கலாம்

நம் நாட்டிலும் பபிள்கம்முடன் கிரிக்கெட் வீரர் படங்கள் வந்த காலம் உண்டு. உங்கள் அப்பா, அம்மா, சித்தப்பா, மாமாவிடம் கேட்டுப் பாருங்கள். பரணில் ஏதாவது பெட்டி இருந்தாலும் இருக்கும்! நீங்கள் எதைச் சேர்த்தாலும் இவற்றை மனத்தில் வையுங்கள்:

* ஒரே ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மாவட்ட வீரர்கள், சதுரங்கம், ஹாக்கி என்று எதுவாகவும் இருக்கலாம். செய்தித்தாள் படமும் போட்டி டிக்கெட்டும்கூடச் சேகரிப்புதான்.

* கையைக் கழுவித் துடைத்த பிறகே தொடுங்கள். ஓரத்தைப் பிடித்து எடுங்கள்.

* பசை, செலோடேப், ரப்பர் பேண்ட் வேண்டாம். பர்டிக் காலத்தில் ஒட்டுவதுதான் வழக்கம். இப்போது ஒட்டாமல் உறையில் போட்டு வைக்கிறார்கள்.

* வெயிலும் ஈரமும் காகிதத்துக்கு எதிரிகள். நிழலான, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

* ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன பொருள், எந்த ஆண்டு, யாரிடமிருந்து, எப்போது கிடைத்தது என்று எழுதுங்கள். குறிப்பு இல்லாத சேகரிப்பு, பெயர் எழுதாத பரீட்சைத் தாள் போன்றது!

* உங்களிடம் இரண்டு இருந்தால், இல்லாதவருடன் மாற்றிக்கொள்ளுங்கள். உங்களைவிடச் சின்னப் பிள்ளையிடம் அதன் மதிப்பை மறைத்து வாங்காதீர்கள்.

* 'உள்ளே என்ன இருக்கும்?' என்று தெரியாத பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டே இருக்காதீர்கள். 106-ஆம் அட்டையின் கதை நினைவிருக்கட்டும். பணம் கொடுத்து வாங்குவதானால் பெற்றோரிடம் கேட்டே வாங்குங்கள்.

இப்போது சொல்லுங்கள் குழந்தைகளே! வெட்டிய ஓரத்துடன் 28 லட்சம் டாலருக்கு விற்ற அட்டை பெரிதா? வலிக்கும் விரல்களால் ஒட்டி எல்லாருக்கும் கொடுத்த 3 லட்சம் அட்டைகள் பெரிதா? வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து பேசிப் பாருங்கள். விடை உங்களுக்கே கிடைக்கும்!